பழஞ்சேலையில் ஏழு அங்குலம்

(பங்குனி மாதம் எமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற மகளிர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



மேடையில் கதைத்துப் பழக்கமில்லாதவள் நான். ஏ.எல். வரைக்கும்தான் படிப்பு. 2010இல் கிளிநொச்சியில் சோதினை எடுத்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. 2013இல் கனடாவுக்கு வந்தேன். அன்று தொடக்கம் தொழிற்சாலை வேலை. வாகனங்களின் இருக்கைகளுக்கு உறை தைக்கிற இடம். அதிலும் முழு உறையை நான் தைப்பதில்லை. தலை சாய்க்கிற பகுதி இருக்கிறதல்லவா, அதன் இடது பக்கத் தையல் மட்டும் என்னுடையது. வலது பக்கம் அடுத்த மெசினில் இருக்கிற பிலிப்பைன்ஸ் அக்காவுடையது. இத்தனை வருடத்தில் நான் தைத்த உறை போட்ட முழு இருக்கை ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை. அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, "நீ வீட்டிலை தைக்கிற போர்வைகளைப் பற்றி ஒரு கால் மணித்தியாலம் கதை பிள்ளை" என்று செயலாளர் அக்கா கேட்டுவிட்டா. மறுக்க முடியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில கிழமைகளில் வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்பு உடுத்து, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குவோம். இந்த நேரத்தில் புதுச்சேலையைப் பற்றிக் கதைப்பதுதான் முறை. நான் பழந்துணியைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன்.

குவில்ற் என்றால் என்ன என்று உங்களில் கனபேருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது மூன்று அடுக்குள்ள போர்வை. மேல் அடுக்கு, துணியைத் துண்டு துண்டாக வெட்டிப் பொருத்தித் தைத்தது. நடு அடுக்கு பஞ்சு விரிப்பு. இங்கே பற்றிங் என்கிறார்கள். கீழ் அடுக்கு ஒரே துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவத் தைக்க வேண்டும். அந்தத் தையல் போதாவிட்டால் நாலு தரம் தோய்த்தவுடன் பஞ்சு ஒரு மூலையில் போய்த் திரண்டுவிடும். கடைசியில் சுற்றுக்கரைக்கு நாடா வைத்து மூடித் தைத்தால் வேலை முடிந்தது. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்யத்தான் வருடக்கணக்காகிறது.

நான் இதைப் பழகியது 2015ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் நிலவறையில் செவ்வாய்க்கிழமைகளில் வயதுபோன கனடியப் பெண்கள் சிலர் கூடித் தைப்பார்கள். எனக்குப் பின்னேர சிவ்ற் என்றபடியால் காலையில் நேரம் இருந்தது. வெப்பத்துக்காகவும் ஆங்கிலம் பழகுவதற்காகவும்தான் முதலில் போனேன். அங்கே எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எனக்கு ஊசி கோத்துத் தரவில்லை. தன் ஊசியைக் கோத்துத் தரச் சொல்லி என்னிடம் தந்தா. அப்படித்தான் பழக்கம் தொடங்கியது.

ஒரு நாள் அந்த அம்மா என்னிடம் "உன்னிடம் எத்தனை யூ.எவ்.ஓ. இருக்கிறது?" என்று கேட்டா. எனக்குத் தெரிந்த யூ.எவ்.ஓ. வானத்தில் பறக்கிற தட்டு. நான் முழித்தேன். போர்வை தைக்கிறவர்கள் தொடங்கி முடிக்காமல் வைத்திருக்கிற வேலைகளுக்கு அப்படியொரு பட்டப்பெயராம். தன்னிடம் பதினேழு இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தா. இன்று என்னிடம் நாலு இருக்கிறது. அந்த நாலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முதல் ஒரு விசயம். "உது வெள்ளைக்காரற்றை வேலை, உனக்கு ஏன்?" என்று எனக்கு நெருங்கியவர்களே கேட்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. வங்காளத்தில் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே நூல் உருவி, ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா என்ற விரிப்புத் தைக்கிறார்கள். பிறந்த பிள்ளையைச் சுற்றுவதும் அதில்தான். கர்நாடகத்தில் சித்தி என்ற மக்கள் இருக்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை. அவர்களின் பெண்கள் பழந்துணியில் கவந்தி என்ற போர்வையைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் பூ என்று சொல்லிச் சின்னத் துண்டுகள் வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறது என்பது அவர்களின் பேச்சு. எங்கள் வீடுகளில் மட்டும் என்ன? பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போட்டோமா? தோய்த்துத் தோய்த்துப் பதமான பழஞ்சேலையும் பழவேட்டியும்தான் துடக்குக் கழியும்வரை பிள்ளையின் உடுப்பு. ஏணை கட்டினதும் பழஞ்சேலையில்தான்.

கனடாக்காரருக்கும் இதில் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த நாட்டின் ஊர்ப்புறப் பெண்கள் குவில்ற்கள் தைத்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். குண்டு விழுந்து வீடிழந்த குடும்பங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. பின்புறத்தில் ‘கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு’ என்று எழுதிய சின்ன நாடா தைத்திருக்கும். தைத்தவளின் பெயர் இராது. இதைக் கேட்டபோது எனக்கு மனிக் பாம் ஞாபகம் வந்தது. 2009இல் அங்கே எங்களுக்குத் தந்த தறப்பாளிலும் எழுத்து இருந்தது. அதை ஆர் வெட்டினது, ஆர் விளிம்பு அடித்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது தொழிற்சாலையில் இடது பக்கத் தையல் போடும்போது யோசிக்கிறேன்.

இனி என்னுடைய நாலுக்கு வருகிறேன்.

முதலாவது, பழகும்போது தொடங்கிய ஒன்பது கட்டம். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று சதுரம். தொடங்குகிறவர்கள் எல்லோரும் தைக்கிறது. குவில்ற் வேலையில் தையல் விளிம்பு கால் அங்குலம். கால் என்றால் கால்தான். ஒவ்வொரு தையலிலும் ஒரு நூலளவு கூடினால் பத்துத் துண்டு தைத்து முடிய அரை அங்குலம் காணாமல் போயிருக்கும். எனக்கு அது தெரியாது. மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. பிரித்துத் தைக்கவேணும் என்று மடித்து வைத்தேன். மடித்தபடியே இருக்கிறது.

இரண்டாவது, வேலை உடுப்பில் தைக்கிற போர்வை. இவருடைய பழைய ஜீன்ஸ், என்னுடைய வேலைச் சேட்டுகள். இந்த யோசனை வந்தது ஒரு படத்தைப் பார்த்து. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பென்ட் என்று ஒரு கறுப்பின மக்களின் ஊர். 1942இல் மிசூரி பெற்வே என்ற பெண் தன் கணவன் இறந்த பிறகு, அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தா. அதை மூடிக்கொண்டு படுத்தால் அவர் பக்கத்தில் இருக்கிற மாதிரி என்பதற்காக. முழங்கால் தேய்ந்த இடம்கூட அதில் தெரியும். 2002இல் அந்த ஊர்ப் போர்வைகளை ஹூஸ்டன் நகரில் அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டார்கள். 2006இல் அமெரிக்கா அவற்றை முத்திரையாகவும் வெளியிட்டது. வயலில் பாடுபட்டவர்களின் காற்சட்டை! என்னுடைய இவர் நல்ல சுகமாக இருக்கிறார், பின்வரிசையில் நிற்கிறார். ஆனாலும் எங்கள் உழைப்பும் ஒரு இடத்தில் இருக்கட்டும் என்று தொடங்கினேன். ஜீன்ஸ் துணிக்கு 16ஆம் இலக்க ஊசி வேணும். அது தெரியாமல் மூன்று ஊசி உடைத்தேன். பாதியில் நிற்கிறது. இவருடைய ஜீன்ஸ் இன்னும் இரண்டு கிழிய வேணும்.

மூன்றாவது, எங்கள் லைனில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு துண்டு தந்தது. சோமாலியாக்காரி தன் முக்காட்டுத் துணியில், பிலிப்பைன்ஸ் அக்கா மேசை விரிப்பில், ஒரு குஜராத்தி அன்ரி பாந்தினித் துணியில். எங்கள் லைன் லீடர் ஓய்வுபெறும்போது கொடுக்க வேணும் என்பது திட்டம். அவர் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. வழியில் கண்டால் நான் மற்றப் பக்கம் போகிறேன்.

நாலாவதுதான் பிள்ளைப் போர்வை. இதைத்தான் நான் உண்மையில் சொல்ல வந்தேன்.

2017 கார்த்திகையில் என் மகள் பிறந்தாள். அவளுக்கென்று வயிற்றோடு இருக்கும்போதே தொடங்கினேன். கிளிநொச்சியில் இருக்கிற அம்மா, இங்கே வந்த ஒரு சொந்தக்காரரிடம் தன் நூல்ச்சேலை ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தா. பச்சை நிறம், மெரூன் கரை. "பிள்ளைக்கு ஏணை கட்டு" என்று சொல்லிவிட்டிருந்தா. அப்பாட்மென்றில் எங்கே ஏணை கட்டுவது? மேலே கொங்கிறீட். வீட்டுக்கு வந்த தாதியும் ஏணை வேண்டாம், உறுதியான தட்டை மெத்தையில் மல்லாக்கக் கிடத்து என்று சொல்லிவிட்டா. சரி, சேலையை வெட்டிப் போர்வைக்கு நடுவில் வைப்போம் என்று நினைத்தேன். மேசையில் விரித்தேன். கத்தரிக்கோல் எடுத்தேன். கை போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது வன்னியில் கடைசிவரை இருந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1995 ஐப்பசி 30இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஆறு வயது. அம்மாவின் கை மெசின் அன்று வீட்டோடு போனது. அதற்குப் பிறகு அம்மா எல்லாம் கையால்தான் தைத்தா. 2009இல் நாங்கள் வலைஞர்மடத்தில் இருந்தோம். கடற்கரை மணல். பங்கர் வெட்டினால் சரிந்து விழும். சுற்றி மண்மூட்டை அடுக்க வேணும். மூட்டைக்குச் சாக்கு ஏது? சேலைதான். ஊர் முழுக்கப் பெண்கள் சேலையைக் கிழித்து மூட்டை தைத்தார்கள். ஒரு சேலையில் ஐந்தாறு மூட்டை வரும். அம்மா கிழித்துத் தைத்தா, நானும் தம்பியும் மண் அள்ளிப் போட்டோம். நூல்ச்சேலை முடிய நைலக்ஸ், அது முடியப் பட்டு. கடைசியில் அம்மா தன் கூறையை எடுத்தா. ஒன்றும் சொல்லவில்லை. பல்லால் கரையைக் கடித்து, இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தா. பட்டுக் கிழிகிற சத்தம் ஒரு தனிச் சத்தம்.

அந்த மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தபடியால் நாங்கள் இன்று இருக்கிறோம். வெளியே வரும்போது அம்மாவிடம் மிஞ்சினது உடுத்திருந்த சேலை ஒன்றுதான். அந்தப் பச்சைச் சேலை. அதைத்தான் என் பிள்ளைக்கு அனுப்பியிருந்தா.

அதை நான் எப்படி வெட்டுவது? மடித்து, சூட்கேசில் வைத்து, பூட்டினேன். பிள்ளைப் போர்வையும் நின்றுபோனது. மகளுக்கு இப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. தைத்த பாதியை எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது என்ரை முழங்காலுக்குக்கூடப் பத்தாது" என்கிறாள். பெரியவர்களுக்குத் தைக்கிற போர்வை காத்திருக்கும். பிள்ளை காத்திராது. அது வளர்ந்துவிடும்.

இந்த வருடம் தம்பியின் மனைவி, என் மச்சாள், பிள்ளைத்தாச்சி. ஆனி மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த முறையும் தவறவிடக்கூடாது என்று, போன மாதம் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, உங்கடை நூல்ச்சேலையை வெட்டட்டோ?"

"எந்தச் சேலை?"

"பச்சை. மெரூன் கரை. வலைஞர்மடத்திலையிருந்து உடுத்துக்கொண்டு வந்தது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது இன்னும் இருக்கே? உன்ரை பெட்டைக்குத் துடைக்கக் கிழிச்சிருப்பாய் எண்டெல்லோ நான் நினைச்சன். பூட்டி வைச்சுப் பூச்சிக்கோ குடுக்கப்போறாய்? வெட்டடி" என்றா.

நான் எட்டு வருடமாகச் சாமிச் சேலை மாதிரிப் பூட்டி வைத்திருந்தது அம்மாவுக்குப் பிள்ளை துடைக்கிற துணி. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பிறகு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஏ.எல். படித்ததற்கு இதாவது செய்ய வேணுமே. போர்வை 36 அங்குலச் சதுரம். ஆறரை அங்குலத்துக்கு ஒரு துண்டு வெட்டினால், இரண்டு பக்கமும் கால் கால் தையலுக்குப் போக ஆறு அங்குலம் நிற்கும். ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு, மொத்தம் 36 துண்டு. அம்மாவின் சேலை ஒரு வரிசைக்குப் போதும். ஆறு துண்டு. சேலையின் அகலம் 45 அங்குலம். ஆறு துண்டுக்கு வேண்டியது 39. அப்படியென்றால் தலைப்புப் பக்கத்தில் குறுக்கே ஏழு அங்குலம் வெட்டினால் காணும். ஆறு யார்ச் சேலை 216 அங்குலம். ஏழு போனால் 209 மிச்சம்! எட்டு வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது ஏழு அங்குலத்துக்கு.

போன சனிக்கிழமை வெட்டினேன். கிழிக்கவில்லை. கிழிகிற சத்தம் எனக்கு இன்னும் ஒத்துவராது. றோட்டரி கட்டர் என்று ஒன்று இருக்கிறது. வட்டமான அலகு, பீட்சா வெட்டுகிறது போல உருட்டி வெட்டுவது. 1979இல் ஜப்பானில் ஒல்ஃபா கொம்பனி கொண்டுவந்தது. அதற்குச் சத்தம் இல்லை. அடிமட்டத்தை வைத்து ஒரே இழுவை. சேலை இரண்டாகப் பிரிந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் மகள் இருந்து துண்டுகளை எண்ணினாள்.

இதோ, மேல் அடுக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். கையிலிருந்து கைக்குக் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது வரிசையில் இருக்கிற பச்சைதான் அம்மாவுடையது. மூலைகள் இந்த முறை சேர்ந்திருக்கின்றன. பஞ்சும் கீழ்த்துணியும் வைத்து ஊடுருவத் தைத்துக் கரை கட்ட வேணும். ஆனிக்கு முதல் முடிப்பேன் என்று உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். சொன்னால்தான் எனக்கு முடியும்.

பிள்ளைப் போர்வை தைக்க விரும்புகிறவர்களுக்கு, நான் பிழைவிட்டுப் பழகின சிலதைச் சொல்லிவிடுகிறேன். துணியை முதலிலேயே சுடுதண்ணியில் தோய்த்துக் காயவையுங்கள். எங்கள் சேலைகள் சாயம் விடும். மெரூனும் கடும்நீலமும் கட்டாயம் விடும். வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைச் சேர்த்துத் தோய்த்துப் பாருங்கள். அது நிறம் பிடித்தால் இன்னொரு தரம் தோய்க்க வேணும். பிள்ளைக்குப் பருத்திதான் நல்லது. நைலக்ஸ் மெசினில் வழுக்கும், வியர்வையும் உறிஞ்சாது. பொத்தான், மணி, சரிகை ஒன்றும் வேண்டாம். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் நடுவில் சுருக்கு விழும்.

மற்றது மிக முக்கியம். குவில்ற்றை ஒரு வயது வரைக்கும் பிள்ளை நித்திரை கொள்ளும் தொட்டிலில் போடக்கூடாது. மூச்சு அடைக்கும் ஆபத்து இருக்கிறது. கனடாச் சுகாதாரத் திணைக்களமும் குழந்தை மருத்துவர்களும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தலையணையும் அப்படித்தான், பொம்மையும் அப்படித்தான். பிறகு எதற்குத் தைப்பது என்று கேட்பீர்கள். பிள்ளை விழித்திருக்கும்போது நிலத்தில் விரித்துக் குப்புறக் கிடத்தி விளையாடவிட, தவழ, பிறகு வளர்ந்து மூடிப் படுக்க.

என்னை மாதிரி நீங்களும் பெட்டிக்குள் ஒரு சேலை வைத்திருப்பீர்கள். சிலரிடம் அப்பாவின் சாரம் இருக்கும். சிலரிடம் இல்லாமல் போன பிள்ளையின் சட்டைகூட இருக்கும். அதை வெட்டச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வெட்ட மனமில்லாதவர்கள் வெட்ட வேண்டாம். வெட்டலாமோ என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: ஏழு அங்குலம் காணும். மிச்சம் அப்படியே இருக்கும்.

செயலாளர் அக்காவிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை காலையில் சங்கத்தின் பின் அறை சும்மா கிடக்கிறது. என்னிடம் இரண்டு மெசின் இருக்கிறது. ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறேன். புதிதாக வந்திறங்கும் குடும்பங்களில் பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு போர்வை தைத்துக் கொடுப்போம். பின்பக்கத்தில் நாடாவும் வைப்போம். ஆனால் அதில் சங்கத்தின் பெயரோடு தைத்தவர்களின் பெயரும் இருக்கட்டும். தைக்கத் தெரியாதவர்கள் ஊசி கோத்துத் தரலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முடிக்காத வேலைகளைப் பற்றிக் கதைக்க வந்தவள் பேச்சையாவது நேரத்துக்கு முடிக்க வேணும். அண்ணன்மாரே, கிழிந்த ஜீன்ஸ் இருந்தால் எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள். எல்லோருக்கும் எனது சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.